சாட்சி சொன்ன பிறகு மாத்திரை கொடுக்கலாமா?

பாலக்கோடு பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 33. கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமை இரவு வந்து, திங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். ஒரே மகன், 10 வயது, ஐந்தாம் வகுப்பு. ஏழு வயதில் பள்ளிக்கூடத்துப் பிரேயரில் நின்றுகொண்டிருந்தவன் முதல்முறையாக வலிப்பு வந்து விழுந்தான். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன், ஈஈஜி (மூளையின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் சோதனை) எல்லாம் எடுத்துப் பார்த்துக் காலையும் இரவும் மாத்திரை கொடுத்தார்கள். அளவை இரண்டு முறை கூட்டிய பிறகு வலிப்பு நின்றது. பதினான்கு மாதம் ஒன்றுமே இல்லை.

இவர் கல்யாணத்துக்குப் பிறகு கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கியவர். மகனுக்காக தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறார். சில வாரங்களுக்கு முன் வெளியூரிலிருந்து பிரசங்கம் பண்ண வந்த ஊழியர் ஒருவர் பையன் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "ஒரு கையில மாத்திரை, ஒரு கையில விசுவாசம்னு ரெண்டையும் பிடிக்க முடியாது. எதை விடப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அன்றிரவே மாத்திரையை நிறுத்தி, மீதி அட்டையை ராகி மாவு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார். அடுத்த ஞாயிறு சபையில் மைக் பிடித்து, பிள்ளைக்குப் பூரண சுகம் கிடைத்தது என்று சாட்சி சொன்னார். எல்லோரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, முழு இரவு ஜெபம். பையனும் உபவாசம். விடியற்காலையில் வலிப்பு வந்தது. பிசாசு விலகும்போது இப்படித்தான் அலைக்கழிக்கும் என்று சொல்லி, சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தார்களே தவிர, யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. "பத்து நிமிஷத்துக்கு மேலயே இருக்கும் டாக்டர் ஐயா. உதடு நீலமாயிடுச்சு" என்று எழுதியிருக்கிறார். நான்கு நாள் கழித்து வகுப்பில் மறுபடியும் வந்திருக்கிறது. அதியமான்கோட்டை காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியில் பூசணி விளக்கு போட்டுக்கொண்டிருந்ததை நிறுத்தியதுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார், ஒரு தாயத்தும் வாங்கி வைத்திருக்கிறார். கணவர் சரியாக முகம் கொடுத்தே பேசுவதில்லை.

அவர் முக்கியமாகக் கேட்பது இவைதான். என் விசுவாசம் குறைந்ததால்தான் வலிப்பு திரும்பியதா? சாட்சி சொன்ன பிறகு மாத்திரை கொடுத்தால் கடவுளைப் பொய்யராக்கிய மாதிரி ஆகாதா? மாத்திரை மூளையைக் கெடுத்துவிடும், ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார்களே? கடைசியாக, பையன் ஒருநாள் இரவு தன்னிடம் கேட்டதையும் எழுதியிருக்கிறார்: "இயேசப்பாவுக்கு என்மேல கோவமாம்மா?"

அம்மா, கடிதத்தின் கீழே நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்கு அன்று மாலையே பேசினேன். இரண்டு முறை வலிப்பு வந்த பிள்ளைக்குப் பதில் எழுதிவிட்டுக் காத்திருக்க முடியாது. மறுநாள் காலையே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டி, மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டீர்கள் என்று கேட்டதும்தான் நிம்மதியானது. இதைப் பிரசுரிக்கவும் சம்மதம் சொன்னீர்கள். இதே தவிப்பில் இருக்கும் மற்ற தாய்மாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் சபைக்காரன் இல்லை. ஆனால் ஜெபத்தைக் குறைத்துப் பேசுகிறவனும் இல்லை. சின்ன வயதில் என் தம்பி டைபாய்டு காய்ச்சலில் கிடந்தபோது, எங்கள் அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து தீர்த்தமலை ஈஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டார். முடிச்சைப் போட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "மணி எட்டாச்சா? அவனுக்கு மாத்திரை எடு" என்றார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் இன்றுவரை தோன்றியதில்லை.

வலிப்பு ஏன் திரும்பியது?

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். உங்கள் விசுவாசத்துக்கும் அந்த வலிப்புக்கும் சம்பந்தம் இல்லை. பூசணி விளக்கை நிறுத்தியதற்கும் சம்பந்தம் இல்லை.

மூளையின் நரம்பணுக்கள் சின்னச் சின்ன மின்சாரத் துடிப்புகளால்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு நேரத்தில் பல அணுக்கள் சேர்ந்து கட்டுமீறித் துடித்தால் வலிப்பு. பிறக்கும்போது மூச்சுத் திணறியது, தலையில் அடிபட்டது, மூளைக்காய்ச்சல், நாடாப்புழுவின் கட்டி மூளையில் தங்கியது, பரம்பரை என்று காரணங்கள் பல. நிறையப் பேருக்குக் காரணமே தெரியாது. மாத்திரை செய்யும் வேலை, அந்தத் துடிப்பை அடக்கி வைப்பது. தினமும் உடம்பில் ஒரு அளவு மருந்து இருந்தால்தான் அந்த அடக்கம் நிற்கும். திடீரென்று நிறுத்தினால் மூளை முன்பைவிட அதிகமாகச் சீறலாம். சிலருக்கு வலிப்பு நிற்காமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

உங்கள் பையனுக்கு அந்த வெள்ளிக்கிழமை மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. பன்னிரண்டு நாளாக மாத்திரை இல்லை. இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. வயிற்றில் சாப்பாடு இல்லை. வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவது மட்டுமே ஒரு வலிப்பைக் கொண்டுவரப் போதும். சிவராத்திரிக்கு விழித்த பிள்ளைக்கு மறுநாள் வலிப்பு வந்ததையும், திருவிழாவுக்கு இரவெல்லாம் கூத்துப் பார்த்த பையனுக்கு வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். எந்தச் சாமி என்று வலிப்புக்குத் தெரியாதம்மா. நீங்கள் வேண்டுமானால் முழு இரவு ஜெபத்துக்குப் போங்கள். அவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குத் தூங்கட்டும்.

அந்தத் தகப்பனின் ஜெபம்

ஊழியர் உங்களுக்குக் காட்டிய வேதபகுதி மாற்கு ஒன்பதாம் அதிகாரம் என்று எழுதியிருந்தீர்கள். வலிப்பு வந்த பையனை ஒரு தகப்பன் இயேசுவிடம் கொண்டுவரும் இடம். இந்த வகை ஜெபத்தினாலும் உபவாசத்தினாலும்தான் போகும் என்று வருவதைச் சொல்லித்தானே பையனைப் பட்டினி போடச் சொன்னார்கள்? அதை இன்னொரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நானும் படித்தேன். அந்த வார்த்தை சீஷர்களுக்குச் சொல்லப்பட்டது. நோயாளிப் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லி அதில் எங்கேயும் இல்லை.

அந்தப் பகுதியில் என்னை நிறுத்தியது வேறொன்று. பையன் கீழே விழுந்து புரண்டுகொண்டிருக்கும்போது, இது இவனுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று இயேசு தகப்பனைக் கேட்கிறார். வலிப்புப் பிள்ளையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான். தகப்பன் சொல்லும் பதிலைப் பாருங்கள். சிறு வயது முதல் இருக்கிறது, அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுந்துவிடுகிறான் என்கிறான். எத்தனை தடவை அடுப்பிலிருந்தும் கிணற்றிலிருந்தும் அந்தப் பிள்ளையை இழுத்துக் காப்பாற்றியிருப்பான்! தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டு, அதற்கு மேல் முடியாமல்தான் கூப்பிடுகிறான்.

அவன் முழு விசுவாசத்தோடு வந்தவனும் இல்லை. உம்மால் ஏதாவது முடியுமானால் உதவி செய்யும் என்றுதான் ஆரம்பிக்கிறான். பிறகு கண்ணீரோடு சத்தம் போடுகிறான்: விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும். பாதி நம்பிக்கையும் பாதி பயமுமாக இருந்தவனின் பிள்ளையைத் தொட்டுத் தூக்கிவிட்டதாகத்தான் அங்கே எழுதியிருக்கிறது. "நான் ஜெபிக்கும்போது உள்ளுக்குள் பயம் இருந்தது, அதுதான் தப்பாயிடுச்சோ" என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது எனக்கு அந்தத் தகப்பன்தான் ஞாபகம் வந்தான். பயத்தோடு கூப்பிட்டாலும் கூப்பிட்டதுதானே அம்மா.

"ஒரு கையில் மாத்திரை" என்ற பேச்சுக்கும் உங்கள் வேதத்திலேயே பதில் இருக்கிறது. எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுது ஜெபிக்கிறார். ஜெபம் கேட்கப்பட்டு 15 வருஷம் ஆயுள் கூட்டிக் கொடுக்கப்படுகிறது. அப்புறம் ஏசாயா தீர்க்கதரிசி என்ன சொல்கிறார்? அத்திப்பழத்தை அடையாக எடுத்துப் புண்ணின்மேல் பற்றுப் போடச் சொல்கிறார். ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் பற்று போட்டார்கள். அதை அவிசுவாசம் என்று ஏசாயா நினைக்கவில்லை. சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சொன்ன சாட்சியை என்ன செய்வது?

உங்களை இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கேள்விதான் என்று தெரிகிறது. மைக்கில் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கூச்சம் என்பதும் புரிகிறது.

நீங்கள் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவனுக்கு வலிப்பு இல்லை. பதினான்கு மாதமாகவே இல்லை. மாத்திரையில் கிடைத்த அந்தப் பதினான்கு மாதத்துக்காகவே கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மையான சாட்சியாகத்தான் இருந்திருக்கும். மறுபடி மாத்திரை கொடுப்பதால் பொய்யானது, மாத்திரை இனி வேண்டாம் என்று ஒரு மனிதர் போட்ட கணக்கு மட்டும். அவர் தவறியதைக் கடவுள் தவறியதாக நினைக்க வேண்டியதில்லை.

சபையில் எழுந்து எதையும் விளக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உடனே செய்ய வேண்டியது, மாத்திரையை ஒழுங்காகக் கொடுப்பது. ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்கச் சொல்வேன். உங்கள் சாட்சியைக் கேட்டவர்களில் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பாட்டி இருக்கலாம், டிபி மாத்திரையில் இருக்கும் ஆள் இருக்கலாம். அவர்களில் யாராவது வீட்டுக்குப் போய்த் தங்கள் அட்டையையும் டப்பாவுக்குள் போட்டிருந்தால்? மனசு கொஞ்சம் தெளிந்த பிறகு, இரண்டு பேரிடமாவது "நான் நிறுத்தினேன், வலிப்பு வந்துவிட்டது, திரும்பக் கொடுக்கிறேன், ஜெபமும் பண்ணுகிறேன்" என்று சொல்லுங்கள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சொன்னாலும் போதும்.

உங்கள் சபையின் பாஸ்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, வந்த ஊழியர்தான் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பாஸ்டரிடம் தனியாகப் பேசுங்கள். முடிந்தால் கணவர் வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் பாஸ்டரையும் கூட வரச்சொல்லிக் கேட்கலாம். டாக்டர் வாயால் கேட்டால் அவருக்கும் தெளிவாகும். "மாத்திரை கொடுக்கிறேன், நீங்கள் ஜெபியுங்கள்" என்றால் மறுக்கிற பாஸ்டர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜெபிப்பதும் வழிபடுவதும் அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு உங்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமை. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்ட உரிமை அது. ஆனால் மந்திரம், தாயத்து போன்றவற்றால் இன்னின்ன நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-இல் வந்த மத்தியச் சட்டம் தடுக்கிறது. அந்த நோய்ப் பட்டியலில் வலிப்பும் இருக்கிறது. மாமியாருக்குத் தாயத்து விற்றவர் அப்படி விளம்பரம் செய்திருந்தால் அவருக்கும் இது பொருந்தும். உங்களைப் போலீஸுக்குப் போகச் சொல்லவில்லை. பிள்ளையின் மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் கிடையாது என்று தெரிந்துகொண்டால் போதும். மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவரும் பேரனுக்காகத்தான் கூப்பிடுகிறார். பைரவருக்கு அவர் விளக்குப் போடட்டும். இரவு எட்டு மணிக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள்.

மாத்திரை பற்றிய பயம்

மாத்திரை மூளையைக் கெடுக்காது. அடக்காமல் விட்ட நீண்ட வலிப்புதான் மூளையைக் கெடுக்கக்கூடியது. தூக்கக் கலக்கம், எடை கூடுவது, முடி உதிர்வது, எரிச்சல் என்று மருந்துக்கு மருந்து சில பக்க விளைவுகள் உண்டு. அதற்காகத்தான் அவ்வப்போது வரச்சொல்லி, தேவைப்பட்டால் ரத்தமும் எடுத்துப் பார்க்கிறார்கள். ஏதாவது தென்பட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்துவதோ, விட்டுப்போன மருந்தைப் பல நாள் கழித்து நீங்களாகப் பழைய அளவில் ஆரம்பிப்பதோ கூடாது. சில மருந்துகளைக் குறைந்த அளவிலிருந்துதான் திரும்பத் தொடங்க வேண்டும்.

ஆயுசுக்கும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. சரியான சிகிச்சை கிடைத்தால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பொதுவாக இரண்டு வருடம் வலிப்பே வராமல் இருந்தால், ஈஈஜியையும் மற்றதையும் பார்த்துவிட்டு, பல மாதம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த முடியுமா என்று டாக்டர் யோசிப்பார். உங்கள் பையன் பாதிக்கு மேல் வந்துவிட்டிருந்தான். கணக்கை இப்போது புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் பத்து வயதுதான் ஆகிறது, காலம் நிறைய இருக்கிறது.

மறுபடி வலிப்பு வந்தால்

முதலில் மணியைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் கல், அடுப்பு, கட்டில் காலை விலக்கி, தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். கையில் சாவி, இரும்பு கொடுக்க வேண்டாம். வாய்க்குள் கரண்டியோ விரலோ துணியோ கூடாது. தண்ணீர் புகட்டக் கூடாது, கைகால்களை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ, மூச்சு சரியாக இல்லாவிட்டாலோ உடனே 108. சுற்றி இருப்பவர்கள் ஜெபிக்கட்டும், ஆனால் ஒருவர் கையில் போனும் கண்ணில் கடிகாரமும் இருக்க வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ள மூக்கில் அடிக்கும் அவசர மருந்து ஒன்று இருக்கிறது. அது அவனுக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வகுப்பு ஆசிரியரிடமும் கொடுங்கள். இப்போதைக்குக் கிணற்று மேட்டுக்கும் ஏரிக்கும் தனியாக அனுப்ப வேண்டாம், மாமரம் ஏறவும் வேண்டாம். மற்றபடி விளையாடட்டும், ஓடட்டும்.

உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கமே இல்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு ஓரமாக எழுதியிருந்தீர்கள். அதை நான் தாண்டிப் போகவில்லை. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், பணம் கிடையாது. மருத்துவமனைக்குப் பையனோடு போகும்போது உங்களுக்கும் மனநலப் பிரிவில் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கணவரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக்காட்டுங்கள். மாத்திரையை நிறுத்திய நாளில் நீங்கள் தனியாக இருந்தீர்கள். வாரத்தில் ஐந்து இரவு ஒரு நோயாளிப் பிள்ளையோடு தனியாக இருப்பது என்னவென்று அவரும் யோசிக்க வேண்டும்.

பையன் கேட்டதற்கு

"கோவம் இல்லடா" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் காரணம் தெரிய வேண்டும். மாத்திரையை நிறுத்தியதால் வலிப்பு வந்தது, நிறுத்தியது அம்மா, அம்மாவுக்குத் தெரியாமல் செய்த தப்பு, உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். பிசாசு என்ற பேச்சு அவன் காதில் இனி விழ வேண்டாம். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் டவுசர் நனைந்து எழுந்தவன் அவன். அந்த வெட்கத்தை அவன் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான்.

உங்கள் ஜெப நேரத்தை நான்கு மணியிலிருந்து காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். மாத்திரை நேரமும் அதுதான். தினமும் செய்யும் ஒரு காரியத்தோடு சேர்த்துக்கொண்டவர்களுக்கு மாத்திரை விட்டுப்போவது குறைவு, இதை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். அட்டையை ராகி டப்பாவிலிருந்து எடுத்து, வேதப்புத்தகம் வைக்கும் அலமாரியிலேயே வையுங்கள். மாத்திரையை அவன் கையில் கொடுத்து, தண்ணீர் டம்ளரை நீங்கள் பிடித்துக்கொண்டு, அன்றைய ஜெபத்தை அவனையே சொல்லச் சொல்லுங்கள். அவன் என்ன கேட்கிறான் என்று உங்களுக்கும் தெரியும்.